ஸ்பெயினில் பன்னிரண்டு நாள்: கோர்தோபாவுக்கு அரை நாள் போதாது

வைகைக்கரை

அக்டோபர் கடைசியில் ஸ்பெயின் போய்வந்தோம். நான், மனைவி, எழுபத்தொரு வயது அம்மா. மாட்ரிட்டில் மூன்று இரவு, தொலேடோவில் ஒன்று, கோர்தோபாவில் இரண்டு, கிரனாடாவில் மூன்று, செவீயாவில் இரண்டு. புறப்படும் முன் இந்த இணைய மன்றத்தில்தான் யோசனை கேட்டேன். "கோர்தோபாவுக்கு அரை நாள் போதும், செவீயாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்" என்று பலரும் சொன்னார்கள். ரயிலில் முக்கால் மணி நேரம்தான் என்பதால் அது நியாயமாகவே பட்டது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அலைச்சலும் நடையும் ஒரே நாளில் சேர்ந்தால் தாங்காது என்று இரண்டு இரவு தங்க முடிவு செய்தோம். இன்று யார் கேட்டாலும் அந்த இரண்டு இரவைத்தான் முதலில் சொல்கிறேன்.

மெஸ்கித்தா என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பள்ளிவாசல்-பேராலயத்துக்கு, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை கட்டணம் இல்லை. நாங்கள் தங்கிய விடுதி ஐந்து நிமிட நடை. எட்டு இருபதுக்கே வாசலில் நின்றோம். எங்களோடு இருபது பேர் இருந்திருப்பார்கள். உள்ளே காலடி வைத்ததும் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை, அவ்வளவு மங்கல். கொஞ்சம் பழகியதும் தூண்கள் தெரியத் தொடங்கின. ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னாலும் தூண்கள். மொத்தம் 856 தூண் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். உள்ளே நிற்கும்போது எண்ணிக்கை நினைவுக்கே வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாதை திறக்கிறது. ஒவ்வொரு தூணின் மேலும் சிவப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட வளைவு, அதன் தலைக்கு மேல் இன்னொரு வளைவு. அம்மா மதுரைக் கோயிலைப் பார்த்து வளர்ந்தவர், தூண் மண்டபம் அவருக்குப் புதிதில்லை. அவரே நின்றுவிட்டார். "இங்கே மேலே கனமே தெரியலையே" என்றார். அங்கே கேட்ட எல்லா விளக்கத்தையும்விட அந்தச் சொல்தான் என் மனதில் தங்கியது.

நடந்துகொண்டே போனால், அந்த மங்கல் நடுவே திடீரென்று உயரம் எழும்புகிறது. வெள்ளைக் கூரை, மேலிருந்து கொட்டும் வெளிச்சம், பீடம், பாடகர் இருக்கைகள். பள்ளிவாசலின் நடுப்பகுதியைத் திறந்து பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய பேராலயம் அது. எனக்கு அங்கே என்ன தோன்றியது என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

முற்றத்தில் வரிசை வரிசையாக ஆரஞ்சு மரங்கள். கீழே விழுந்துகிடந்த ஒரு காயை அம்மா எடுத்துத் தோலைக் கீறி முகர்ந்தார். "நாரத்தங்காய் வாசம்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மாலை ஏழு மணிக்கு மேல், பகலில் வந்தவர்களெல்லாம் ரயிலேறிப் போன பிறகு, ரோமானியப் பாலத்தில் நடந்தோம். கீழே குவாதல்கிவிர் ஆறு நிறைய நாணல், நடுவே பாழடைந்த நீர் ஆலைகள். அந்தப் பக்கக் கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் மெஸ்கித்தாவும் மதிலும் மணிக்கூண்டும் ஒரே வரிசையில் விளக்கொளியில் நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளோடு உலாவிக்கொண்டிருந்தார்கள். இதைப் பகல் பயணத்தில் பார்க்க முடியாது.

மற்ற ஊர்களைப் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

கல்தச்சன்

அம்மா சொன்னது கட்டுமானக் கணக்கிலும் சரி. நான் கட்டடப் பொறியாளன், அந்த இரட்டை வளைவைப் பார்க்கவே போனவன்.

எட்டாம் நூற்றாண்டின் கடைசியில், கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரகுமான் கட்டத் தொடங்கியபோது, தூண்களைப் புதிதாகச் செதுக்கவில்லை. ரோமானியர், அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலத்து இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தார்கள். அதனால்தான் ஒன்று கருப்பு, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று முறுக்கிய வரி. தூண்களின் தலைப்பகுதிகளும் ஒன்றுபோல் இருக்காது. அந்தத் தூண்கள் குட்டையானவை. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் மூச்சு முட்டும். அதனால் தூண் மேல் ஒரு சதுரக் கால் எழுப்பி, கீழே லாட வடிவ வளைவு, மேலே அரைவட்ட வளைவு என்று இரண்டு அடுக்கு வைத்தார்கள். கீழ் வளைவு எதையும் தாங்கவில்லை, தூண்கள் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. மேல் வளைவுதான் கூரையைச் சுமக்கிறது. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். கனமே தெரியாமல் இருப்பது அதனால்தான்.

அடுத்த முறை போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். பழைய பகுதியில் அந்தச் சிவப்பு செங்கல், வெளுப்பு கல். இரண்டும் மாறி மாறி வைத்துக் கட்டியவை. பத்தாம் நூற்றாண்டின் முடிவில், ஆட்சியை நடத்திய அமைச்சர் அல்மன்சோர் கிழக்கே நீட்டிய பகுதியில் முழுக்கக் கல்தான், சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். அருகில் போனால் வித்தியாசம் தெரியும்.

நடுவிலிருக்கும் பேராலயம் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அது காயமாகத்தான் தெரிந்தது. இருநூறு வருடத்தில் நான்கு ஆட்சியாளர்கள் கட்டியும் நீட்டியும், ஒருவர்கூட முந்தியவரின் ஒழுங்கைக் கெடுக்கவில்லை. ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போனார்கள். பிறகு வந்தவர்கள் அதன் வயிற்றைக் கீறிவிட்டார்கள். அந்தப் பேராலயம் வேறு ஊரில் தனியாக நின்றிருந்தால் நானும் ரசித்திருப்பேன்.

மாட்ரிட்வாசி

கல்தச்சன் சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், கோர்தோபாவுக்கு ஐந்தாறு முறை போயிருக்கிறேன்.

1236ல் கஸ்தீலியா என்ற கிறித்தவ நாட்டின் அரசர் ஊரைப் பிடித்தவுடனே அந்தக் கட்டடம் தேவாலயமாக்கப்பட்டது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தது. 1523ல் நடுவே பேராலயம் கட்டப் போகிறோம் என்று ஆயர் தரப்பு கிளம்பியபோது, எதிர்த்தது யார் தெரியுமா? ஊர் நகரமன்றம். வேலைக்குப் போகிற கொத்தனுக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தார்கள். கடைசியில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்பு சொன்னதால் வேலை நடந்தது. அதாவது, அந்தக் காலத்துக் கிறித்தவ ஊர்மக்களே இதைத் தங்கள் கட்டடமாக நினைத்திருக்கிறார்கள்.

இனி செவீயாவை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் பெரிய பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதை முழுக்க இடித்துவிட்டுத்தான் இன்றைய பேராலயத்தைக் கட்டினார்கள். மிஞ்சியது கிரால்தா என்ற பாங்குக் கோபுரமும் ஆரஞ்சு முற்றமும் மட்டும். கோர்தோபாவில் நடுவே கீறியதால்தான் சுற்றியிருப்பது நின்றது என்று நான் நம்புகிறேன். பயன்பாட்டில் இருக்கிற கட்டடத்தை யாரும் இடிப்பதில்லை. கூரை ஒழுகினால் சரிசெய்ய ஆள் இருந்திருக்கிறது.

வெண்பனி

நல்ல விவாதம், தொடருங்கள். நடுவே என் கேள்வி ஒன்று. ஏப்ரலில் ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு போகிறோம். நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். ஸ்பெயினில் எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் சாப்பாடே கிடைக்காது என்றும் கேள்விப்பட்டேன். வைகைக்கரை சார், உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள்?

வைகைக்கரை

வெண்பனி, பயப்பட வேண்டாம். அம்மா முட்டையும் தொடமாட்டார், அவரே பட்டினி கிடக்கவில்லை. ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் எச்சரிக்கை. "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் பல இடங்களில் மாட்டிறைச்சி, கோழி இல்லாமல் என்று புரிந்துகொள்கிறார்கள். ஹமோன் என்கிற பன்றித் தொடைத் துண்டுகளும் சூரை மீனும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கலவை சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீன் வரும். அதனால் "ஹமோன் இல்லை, மீன் இல்லை" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "சின் ஹமோன், சின் அத்தூன்" என்ற இரண்டையும் மனைவி மனப்பாடமாக வைத்திருந்தார். குரோக்கேத்தா என்ற உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே ஹமோன் இருக்கும்.

இனி சாப்பிடக் கூடியவை. தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி எந்தக் காலையிலும் கிடைக்கும். பதாத்தாஸ் பிராவாஸ் என்று உருளைக்கிழங்கை வறுத்து மேலே காரமான சாறு ஊற்றித் தருவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உங்களுக்கு முட்டை பரவாயில்லை என்பதால் உருளைக்கிழங்குத் தொர்த்தியா எங்கேயும் கைகொடுக்கும். கோர்தோபாவில் கத்தரிக்காயை வறுத்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தந்தார்கள். அம்மா இரண்டு நாளும் அதையே கேட்டார். அந்த ஊரின் சல்மோரெஹோ, தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ். மேலே ஹமோனும் முட்டையும் தூவுவார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்று சொன்னால் தனியாகத் தருவார்கள். செவீயாவில் கொண்டைக்கடலையும் பசலைக் கீரையும் சீரகம் போட்டுச் சமைத்த ஒரு பதார்த்தம். முதல் வாயிலேயே அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்து நாளுக்குப் பிறகு நம் வீட்டுச் சமையல் மாதிரி ஒன்று வாயில் பட்ட மகிழ்ச்சி அது.

நேரம் பற்றி: மதியச் சாப்பாடு இரண்டு மணி முதல் நான்கு வரை. அதுதான் அங்கே பெரிய சாப்பாடு. "மெனு தெல் தியா" என்று குறைந்த விலையில் இரண்டு வகைச் சாப்பாடு, ரொட்டி, பானம், இனிப்பு தருவார்கள். நாங்கள் இரண்டரைக்கு அதை நிறையச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்குக் கடையில் தயிர், பழம், ரொட்டி வாங்கி அறையில் முடித்துக்கொண்டோம். பிள்ளைகள் இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

மாட்ரிட்வாசி

நேரக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் பழகிவிடும். ஸ்பெயின் இருக்குமிடத்துக்குச் சூரியப்படி பார்த்தால் லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940ல் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றினார்கள், பிறகு திருப்பவே இல்லை. அதனால் ஜூன் மாதத்தில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், பெற்றோர் பக்கத்து மேசையில் பேசிக்கொண்டிருப்பார்கள். வெண்பனி, உங்கள் பிள்ளைகளையும் அவர்களோடு விளையாட விடுங்கள். மொழி தேவைப்படாது.

சின்னக் கடைகள் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மூடியிருக்கும், முக்கியமாகத் தெற்கே. மருந்து வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. மாட்ரிட்டின் பிராதோ திங்களும் திறந்திருக்கும், தினமும் கடைசி இரண்டு மணி நேரம் கட்டணமில்லை. வரிசை நீளமாக இருக்கும், ஆனால் நகரும். அதிவேக ரயிலுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், நம் ஊர் மாதிரி ஓடிப்போய் ஏற முடியாது. அரை மணி முன்னதாகப் போங்கள்.

தறிச்சத்தம்

ஐந்து ஊர் போனீர்கள், பார்சிலோனா போகவில்லை. படித்ததும் மனது கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அங்கே இருக்கிற சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தைப் படத்தில் பார்த்து, இது அலங்காரம் அதிகமான கட்டடம் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனது மாலை நான்கு மணிக்கு. தூண்கள் மேலே போகப் போகக் கிளை பிரிகின்றன, மரம் பிரிவதைப் போலவே. மேற்குப் பக்கக் கண்ணாடிகள் சிவப்பும் ஆரஞ்சும். சாயும் வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்து, நின்றிருந்த எல்லோர் முகமும் அந்த நிறத்தில் இருந்தது. கிழக்குப் பக்கம் பச்சையும் நீலமும், காலையில் வந்தவர்களுக்கு அது கிடைக்கும். நான் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவள். நிறத்தை எங்கே தொடங்கி எங்கே கலக்க வேண்டும் என்று எங்கள் அப்பா தறியில் பார்த்துப் பார்த்து வைப்பார். அந்தக் கண்ணாடி வரிசையைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

1882ல் தொடங்கிய வேலை. அடுத்த வருடம் கட்டடக் கலைஞர் கௌதி பொறுப்பேற்றார், 1926ல் டிராம் மோதி இறந்தார். உள்ளேயே, கீழ்த்தள ஆலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1936ல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அவர் வரைபடங்கள் எரிந்தன, மாதிரி வடிவங்கள் நொறுங்கின. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அவர் என்ன நினைத்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் பிறகு வந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள். நடுக் கோபுரத்தின் உயரம் 172.5 மீட்டர் என்று வைத்ததிலும் ஒரு கணக்கு. பக்கத்து மொன்ஜுயிக் குன்றைவிட உயரமாகப் போகக் கூடாது, மனிதன் கட்டியது இறைவன் படைத்ததை மிஞ்சக் கூடாது என்பது கௌதியின் எண்ணம். கல்தச்சன் அண்ணா, கோர்தோபாவில் நீங்கள் புகழ்ந்த அந்தப் பொறுமை, முந்தியவரின் ஒழுங்கைக் கெடுக்காமல் தொடர்வது, இங்கேயும் இருக்கிறது.

தெற்குவாசல்

தறிச்சத்தம் சொன்னதில் மறுக்க எதுவுமில்லை. ஆனால் பார்சிலோனாவில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மெட்ரோவில் ஏறும்போது கதவருகே நெரிசல், ஒருவர் வழியை மறித்து நின்றார், ஐந்து விநாடிதான். உள்ளே போய்ப் பார்த்தால் கைப்பேசி இல்லை. ரயில் பயணச்சீட்டு, விடுதி முகவரி எல்லாம் அதில்தான். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்து நகல் வாங்கவே அரை நாள் போனது. காப்பீட்டுக்கு அந்த நகல் கட்டாயம். அதனால் பயணச்சீட்டையும் கடவுச்சீட்டு நகலையும் தாளில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ கதவருகே கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. சுவர்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு எதிராக எழுதியிருந்தார்கள். 2024 ஜூலையில் அங்கே ஊர்வலம் போனவர்கள் உணவக மேசைகளில் இருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தைப் பார்த்தேன். ஆறு மாடியில் பாதி வீடுகள் எங்களைப் போன்றவர்களுக்கு நாள் வாடகைக்கு. மாடிப்படியில் பார்த்த ஒரு மூதாட்டி மட்டும்தான் அங்கேயே குடியிருப்பவர். சக்கரப் பெட்டிகளின் சத்தம் இரவெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். நகராட்சி 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வாடகை உரிமங்களை நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. நியாயம்தான் என்று படுகிறது. அடுத்த முறை முறையான விடுதியில்தான் தங்குவேன்.

சொல்வேட்டை

முதல் பதிவில் வைகைக்கரையின் அம்மா நாரத்தங்காய் வாசம் என்றாரே, அதற்குத்தான் உள்ளே வந்தேன்.

ஸ்பானிய மொழியில் ஆரஞ்சு 'நரன்ஹா'. அது அரபியின் 'நாரஞ்ச்' வழியாக வந்தது. அரபிக்குப் பாரசீகத்தின் 'நாரங்', அதற்கு முன் சமஸ்கிருதத்தின் 'நாரங்க'. அதற்கும் முன்னால் அது ஒரு திராவிடச் சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று பல சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. நம் நாரத்தை அந்தக் குடும்பம்தான். கோர்தோபாவிலும் செவீயாவிலும் தெருவெங்கும் நிற்பது கசப்பு ஆரஞ்சு, அரபியர் காலத்தில் வந்தது. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்கு வந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான். ஆகவே அந்த முற்றத்தில் அம்மாவின் மூக்கும் சொல்லின் வரலாறும் ஒரே இடத்தைக் காட்டியிருக்கின்றன. எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது.

சர்க்கரைக்கு அங்கே 'அசூக்கர்'. அதுவும் அதே வழியில், சமஸ்கிருத 'சர்க்கரா'விலிருந்து பாரசீகம், அரபி தாண்டிப் போனது.

பனைநிழல்

வணக்கம். நான் பாரிசில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். போன வருடம் அப்பாவை மாட்ரிட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து ஒரு நாள் செகோவியா. அதிவேக ரயிலில் அரை மணித்தியாலம். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறது. வாசலில் நிற்கிற பஸ் நேராக ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் காலடியில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

அப்பா ஊரில் மேசன் வேலை செய்தவர். பாலம் உச்சத்தில் இருபத்தெட்டு மீட்டர் உயரம், இரண்டு அடுக்கு வளைவு, எல்லாம் கருங்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கிட்டப் போய் ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். நகம்கூடப் போகாத இடம் இருந்தது. பிறகு கற்களின் முகத்தில் சின்னச் சின்னக் குழி இருப்பதைக் காட்டி, "இது தூக்கிறதுக்கு இடுக்கி போட்ட இடம்" என்றார். நான் பிறகு படித்துப் பார்த்தேன், அதேதான். இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட முந்தி வேலை செய்த ஆளின் கைவேலையை, இன்னொரு மேசன் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் கோட்டைக்கும் பேராலயத்துக்கும் போகவில்லை. பாலத்தின் ஓரமாகவே, அது குட்டையாகித் தெருவோடு சேருகிற இடம் மட்டும் நடந்தோம். அப்பா அதிகம் கதைக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இருந்துகொண்டு, "நல்ல வேலை" என்றார். அவர் யாருடைய வேலையையும் லேசில் அப்படிச் சொல்லமாட்டார்.

கல்தச்சன்

பனைநிழல், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாட்ரிட்வாசி சொன்ன செவீயா ஒப்பீட்டை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடிபடாமல் நின்றதற்கு அந்தப் பேராலயம் காரணமாக இருந்திருக்கலாம், அதை ஏற்கிறேன். ஆனால் "நின்றதே பெரிது" என்பதற்காக வெட்டியது சரியாகிவிடாது. 1523க்கு முன் முந்நூறு வருடம் வெட்டாமலேயே தேவாலயமாக இருந்ததே, அதை நீங்களே சொன்னீர்கள். அப்படியே தொடர்ந்திருக்கலாம். என் வருத்தம் அங்கேதான் நிற்கிறது.

மாட்ரிட்வாசி

அந்தக் கடைசி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை சார். உண்மைதான்.

வைகைக்கரை

மற்ற ஊர்கள் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

மாட்ரிட்டில் பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியம். கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம், கறுப்பும் சாம்பலும் வெளுப்பும் மட்டும். 1937ல் வரைந்தது. ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும்வரை அங்கே போகக் கூடாது என்று பிக்காசோ வைத்த நிபந்தனையால் நியூயார்க்கில் இருந்து, 1981ல்தான் வந்து சேர்ந்தது. இறந்த குழந்தையை மடியில் வைத்து மேலே பார்த்து அலறும் தாய் இடது ஓரத்தில். அம்மா அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை.

தொலேடோவில் ஓர் இரவு தங்கியதும் நல்லதாயிற்று. மூன்று பக்கம் தாகோ ஆறு சுற்றிய குன்று. குன்றின் அடிவாரத்திலிருந்து மேலே ஏற நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், முழங்கால் வலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். சாந்தா மரியா லா பிளாங்கா என்று ஒரு கட்டடம்: யூதர்களுக்கான ஜெபக்கூடம், உள்ளே முழுக்க இஸ்லாமியப் பாணி லாட வளைவுகள், இன்று பெயர் மாதாவின் பெயர். வெள்ளைச் சுவர், எண்கோணத் தூண்கள், வேறெதுவும் இல்லை. 1492ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட யூதர்களின் தெரு அது. யூதர் தெரு என்ற அடையாளத்தைத் தரையில் பதித்த சின்ன ஓடுகளில் இப்போது வைத்திருக்கிறார்கள். தொலேடோவிலிருந்து கோர்தோபாவுக்கு மாட்ரிட் திரும்பித்தான் ரயில் மாற வேண்டும், திட்டமிடும்போது மறக்காதீர்கள்.

கிரனாடாவில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். குன்றின் மேலிருக்கும் அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனைக்கு மூன்று வாரம் முன்னால் சீட்டு எடுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன், அது தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் மட்டும். முஸ்லிம் அரசர்கள் வாழ்ந்த நஸ்ரி அரண்மனைகள் அதில் இல்லை. அந்த அரண்மனைதான் முக்கியம். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே உள்ளே விடுவார்கள், சீட்டு வெகு முன்பே தீர்ந்துவிடும். மனைவி விடாமல் இணையத்தில் பார்த்துக்கொண்டே இருந்ததில் வெள்ளிக்கிழமை இரவுப் பார்வைக்கு மூன்று இடம் திறந்தது. குளிர்காலத்தில் வெள்ளி, சனி இரவில் மட்டும் திறப்பார்களாம். அசல் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், கையில் இருக்கட்டும்.

அந்த இரவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரண்மனை விலையுயர்ந்த பொருளால் கட்டியதில்லை. செங்கல், மண், மரம், சுண்ணச்சாந்து. அந்தச் சாந்தில்தான் சுவர் முழுக்க எழுத்தும் கொடியும் நட்சத்திரமும். "இறைவனையன்றி வெற்றியாளர் இல்லை" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. 1492 ஜனவரி 2ஆம் தேதி ஊரின் சாவியைக் கிறித்தவ அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி முஸ்லிம் ஆட்சியாளரின் வீட்டுச் சுவரில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. மிர்த்தல் செடிகளுக்கு நடுவே நீண்ட குளம். விளக்கு குறைவு. காற்று இல்லாததால் கோபுரம் தலைகீழாக அசையாமல் தண்ணீரில் நின்றது. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்கள், சுற்றிலும் 124 மெல்லிய தூண்கள். தரோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, குன்றின் மேல் இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆங்காங்கே தரையில் வெட்டிய சின்ன ஓடையில் அது சத்தமில்லாமல் ஓடுகிறது. கூட்டத்தில் யாருமே உரக்கப் பேசவில்லை.

செவீயாவில் கிரால்தா கோபுரத்தில் அம்மாவே ஏறினார். உள்ளே படி கிடையாது, 35 சரிவுப் பாதைகள், கடைசியில் மட்டும் சில படி. பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப் போகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சன்னல் இருக்கிறது, நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நாற்பது நிமிடம் ஆனது. மேலே போனதும் அம்மா முதலில் தேடியது கீழே இருந்த ஆரஞ்சு முற்றத்தை.

தறிச்சத்தம், அடுத்த பயணம் பார்சிலோனாவுக்குத்தான். மாலை நான்கு மணிக்குச் சீட்டு எடுப்பேன்.

வெண்பனி

எல்லோருக்கும் மிக்க நன்றி. இந்த இழையைப் படித்துவிட்டுத் திட்டத்தை மாற்றிவிட்டோம். எட்டு ஊர் இருந்தது, இப்போது நான்கு. கோர்தோபாவில் இரண்டு இரவு, சனியும் ஞாயிறும். ஞாயிறு காலை எட்டரைக்கு மெஸ்கித்தா போய்விடலாம் அல்லவா?

மாட்ரிட்வாசி

ஞாயிறு காலை அந்த இலவச நேரம் கிடையாது அம்மா, திருப்பலி இருக்கும். வெள்ளி இரவே வந்துவிடுங்கள். சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு வாசலில் இருக்க வேண்டும்.